கப்பலில் பிறந்த அண்ணன்

பாப்பா பத்துமலையை 'அண்ணே' என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். தோட்டத்தில் இதை முதலில் கவனித்தவர் அவளுடைய அப்பா ராமையாதான்.

சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டம் அது. பால் வெட்டி முடித்தவர்கள் வாளிகளைச் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு வந்து, நிறுவைக்காக வரிசையில் நின்றிருந்தார்கள். பாப்பாவின் வாளி விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது. தூக்கிவிட ஓர் ஆள் வேண்டும். பக்கத்திலேயே பத்துமலை நின்றிருந்தான். முன்பென்றால், "அண்ணே, ஒரு கை குடேன்" என்று தோட்டமே கேட்கும்படி கத்தியிருப்பாள். அன்றைக்கு அவன் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "இந்தா, கொஞ்சம் பிடிக்கிறது" என்றாள். அவனும் வாய் திறக்காமல் வந்து பிடித்தான்.

வரிசையின் கடைசியில் நின்றிருந்த ராமையாவின் காதில் அது விழுந்தது.

'இந்தா.' பேரும் இல்லை, முறையும் இல்லை. ஒரு பெண் ஓர் ஆணை எப்போது அப்படிக் கூப்பிடுவாள் என்று அவருக்குத் தெரியாதா? அவருடைய பெண்சாதி இருளாயி, கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து அவரை அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

அதற்குப் பிறகு அவர் காதைத் தீட்டி வைத்துக்கொண்டார். குழாயடியில், கோயில் வாசலில், வரிசை வீடுகள் இருந்த லயத்து வாசலில் என்று எங்கே அந்த இரண்டு பேரும் எதிர்ப்பட்டாலும் மகளின் வாயையே பார்த்தார். 'அண்ணே' வரவில்லை. அவன் வாயிலிருந்து 'தங்கச்சி'யும் வரவில்லை. எச்சில் விழுங்குவதும், தொண்டையைச் செருமுவதும், எதிரில் நிற்கிறவரை விட்டுவிட்டு மரத்தோடு பேசுவதுபோல் பேசுவதுமாக இருந்தார்கள். தப்பாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சொல் மட்டும் காணாமல் போயிருந்தது. அந்த ஒரு சொல்லுக்குத்தான் ராமையா பயந்தார்.

பத்துமலை அவருடைய அண்ணன் சதாசிவத்தின் மகன். அண்ணன் என்றால் ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் இல்லை. ராமையாவுக்கு ஊர் முசிறிப் பக்கம். சதாசிவத்துக்கு ஆத்தூர்ப் பக்கம். சாதி ஒன்றுதான் என்றாலும் குலசாமி வேறு, வகையறா வேறு. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும் வரைக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

கப்பலில் ராமையாவுக்குக் காய்ச்சல் கண்டது. மீசை அரும்பிய வயது, கூட வந்தவர்கள் யாரும் இல்லை. குடித்த கஞ்சியெல்லாம் வாந்தியாகப் போக, அடித்தட்டில் சுருண்டு கிடந்தவரை மற்றவர்கள் விலகித்தான் படுத்தார்கள். பக்கத்துப் பாயில் கிடந்த சதாசிவம் மட்டும் எழுந்து வந்து தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பினாங்குக்கு எதிரே ஜெரஜாக் தீவில் இறக்கி எல்லோரையும் சோதித்தபோது, காய்ச்சல்காரனைத் தனியாகப் பிரித்துக் கொண்டுபோகச் சொன்னார் டாக்டர். தனியாகப் போனவர்களில் பல பேர் திரும்பி வரவில்லை என்று அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சதாசிவம் குறுக்கே போய் நின்றார்.

"இவன் என் தம்பி. நான் பாத்துக்கிறேன். என்னையும் சேத்துக் கொண்டுபோங்க" என்றார்.

டாக்டருக்கு என்ன தோன்றியதோ, இரண்டு பேரையும் ஒரே கொட்டகையில் விட்டார். ராமையா பிழைத்தார். கண் திறந்ததும் அவர் வாயில் வந்த முதல் சொல் 'அண்ணே' என்பதுதான்.

அந்தச் சொல்லை இரண்டு பேரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே கங்காணியிடம் ஆள் ஆனார்கள், ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு வாங்கினார்கள். சதாசிவம் செல்லாயியைக் கட்டியபோது ராமையா கொழுந்தனாக நின்றார். ராமையா இருளாயியைக் கட்டியபோது பெண் கேட்கப் போனவர் சதாசிவம். ஒரு வருஷம், ஊரிலிருந்து புதிதாக வந்த ஆள் ஒருவர், ஆத்தூரில் சதாசிவத்தின் ஆத்தாள் செத்துப்போன சேதியைக் கொண்டுவந்தார். சதாசிவம் ஆற்றங்கரையில் உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் ராமையாவும் தலையைக் குனிந்தார். பார்த்தே இராத ஒரு தாய்க்கு அவர் மொட்டை போட்டுத் தீட்டுக் காத்ததைத் தோட்டம் முழுக்கப் பார்த்தது. அதன் பிறகு அவர்களைக் கப்பல் சொந்தம் என்று யாரும் சொன்னதில்லை. அண்ணன் தம்பி என்றே சொன்னார்கள்.

பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தார்கள். பாப்பாவுக்குச் சதாசிவம் பெரியப்பா. பத்துமலைக்கு ராமையா சித்தப்பா. பாப்பாவுக்குப் பேச்சு வந்தபோது முதலில் வந்தது 'ண்ணே' தான்.

அதை இப்போது அவள் விட்டுவிட்டாள்.

தோட்டத்துக்கும் கண் இருக்கிறதல்லவா? அடுத்த லயத்து ராக்காயிக்கு வாய் கொஞ்சம் நீளம். குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டே, "என்னடி இருளாயி, ஒம் மவளுக்கு அண்ணங்காரன் பேரு மறந்துபோச்சா?" என்று கேட்டாள். நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வீடு வரைக்கும் வந்து சேர்ந்தது.

அன்று சாயங்காலம் ராமையா பெண்சாதியிடம் கேட்டார். "ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் இருளாயி.

"தெரிஞ்சும் சும்மா இருந்தியா?"

"என்ன செய்யச் சொல்றீங்க? அவ ஒண்ணும் தப்பு பண்ணல. அவனும் நல்ல பய. நம்ம கண்ணு முன்னால வளந்தவன். பொண்ணு பக்கத்து வீட்டுல இருப்பா. இதவிட என்ன வேணும் நமக்கு?"

"அண்ணன் தங்கச்சிடி அதுங்க!"

"யாரு சொன்னா? எந்த வயித்துல பொறந்துச்சுங்க?" இருளாயி அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமலே பேசினாள். "அன்னைக்கு அந்தத் தீவுல ஒங்க அண்ணன் 'இவன் என் தம்பி'ன்னாரு. 'இவன் என் மச்சினன்'னு சொல்லியிருந்தாலும் அந்த டாக்டர் விட்டிருப்பான்லா. அப்பிடிச் சொல்லியிருந்தா இன்னைக்கு அவன் முறைப்பையன். நீங்களே கூப்பிட்டுக் கட்டிக் குடுப்பீங்க."

ராமையாவுக்குக் கோபம் வந்தது. சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

அவள் சொன்னது உண்மை என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தச் சொல்தான் அவருக்குச் சொத்து. இந்தச் சீமைக்கு வெறும் ஆளாக வந்தவர். இங்கே அவருக்கென்று ரத்தம் எது என்றால், அது சதாசிவம்தான். அதைத் தொட்டுத் திருப்பினால், இத்தனை வருஷமும் வெறும் பேச்சாகிவிடாதா? ராக்காயி சிரிப்பாள். தோட்டம் சிரிக்கும். 'மொட்டை போட்டானே, அதுவும் வேஷமா?' என்று கேட்கும். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு அவர் ஆற்றங்கரைக்குப் போய் உட்கார்ந்தார்.

இரண்டொரு நாள் கழித்து, அதே ஆற்றங்கரையில் சதாசிவமே அந்தப் பேச்சை எடுத்தார்.

வேலை முடிந்து இரண்டு பேரும் குளிக்க வந்திருந்தார்கள். ரப்பர் பால் வாடை போக மணலை அள்ளிக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார் சதாசிவம். தேய்த்த கையையே திரும்பத் திரும்பத் தேய்த்தார். பிறகு, "டேய் தம்பி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?" என்றார்.

"என்னண்ணே, புதுசா?"

"நீ என்னைய இனிமே மச்சான்னு கூப்பிடேன்."

ராமையா தண்ணீருக்குள் அப்படியே நின்றுவிட்டார்.

"பய ராத்திரியெல்லாம் தூங்காமக் கெடக்கான்டா. ஒன் அண்ணி அழுவுறா. வாயத் தொறந்து எங்கிட்ட அவன் ஒண்ணும் கேக்கல. அவனுக்கும் முறை தெரியும். நாமதான போட்டோம் இந்த முறைய? நாமளே மாத்திக்கலாம். கோயில் முன்னால நாலு பேர வெச்சு வெத்தல பாக்கு மாத்திக்குவோம். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" ராமையாவின் குரல் உடைந்தது. "ஒங்க ஆத்தாளுக்கு நான் மொட்டை போட்டேனே. மச்சான்காரன் போடுவானா, அண்ணே? அப்ப அது பொய்யா?"

"பொய்யில்லடா. அப்ப நமக்குப் பிள்ளைங்க இல்ல. இப்ப இருக்கு."

"நீங்க வேணா மாத்திக்குவீங்க. ஒங்களுக்கு ஊர்ல கூடப்பொறந்தவங்க இருக்காங்க. எனக்கு யாரு இருக்கா?" என்றார் ராமையா. கோபத்தில் சொன்னதா, பயத்தில் சொன்னதா என்று அவருக்கே புரியவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அண்ணனுக்குத் தங்கச்சியைக் கட்டி வெக்கச் சொல்ற குடும்பம்னு தெரிஞ்சிருந்தா, அந்தக் கப்பல்லயே நான் செத்திருப்பேன்."

சதாசிவம் கையிலிருந்த மணலைத் தண்ணீரில் விட்டார். கரையேறி, ஈர வேட்டியைப் பிழியாமலே கட்டிக்கொண்டு நடந்தார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே ராமையா இடுப்பளவு தண்ணீரில் நின்றார். கூப்பிட்டால் திரும்பியிருப்பார். அண்ணே என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தாலும் போதும். கூப்பிடவில்லை.

அடுத்த வாரமே ராமையா தஞ்சோங் மாலிம் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய் வந்தார். அங்கே வேலாண்டி என்று ஒரு பையன். குடி கிடையாது, வேலையில் கெட்டி, தாயும் மகனும் மட்டும்தான். குறை சொல்ல ஒன்றும் இல்லை. பேசி முடித்துவிட்டு வந்து சொன்னபோது பாப்பா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். "சரிப்பா" என்றாள். பிறகு முறத்தை எடுத்து மறுபடியும் புடைத்தாள். அவள் அழுவாள், சண்டை போடுவாள், அப்போது சமாதானம் சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தவருக்கு, அந்தச் 'சரி'யை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கல்யாணம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது. பெரியப்பா முறைக்குச் சதாசிவம் வந்தார். செய்ய வேண்டிய சீரைக் குறைவில்லாமல் செய்தார். தாரை வார்க்கும்போது பக்கத்தில் நின்றார். ராமையாவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

பெண் புறப்படும் நேரம் வந்தது. மாட்டு வண்டியில் ட்ரங்குப் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தவன் பத்துமலை. பாப்பா எல்லோர் காலிலும் விழுந்து எழுந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள், செல்லாயியைக் கட்டிக்கொண்டாள். கடைசியாக வண்டிக்கு வந்து, ஏறப்போகும் முன்னால் நின்றாள். இத்தனை மாதமும் நேராகப் பார்க்காதவனை நேராகப் பார்த்தாள்.

"போயிட்டு வாரேன், அண்ணே" என்றாள்.

பத்துமலை பெட்டியின் கயிற்றை இன்னொரு முறை இறுக்கினான். "பாத்துப் போ, தங்கச்சி" என்றான்.

ராமையா இரண்டு பேருக்கும் நடுவில்தான் நின்றிருந்தார். எந்தச் சொல் வரவில்லை என்று மாதக்கணக்கில் காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தாரோ, அந்தச் சொல் வந்துவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். தன் கையாலேயே எதையோ நெரித்துவிட்டு, அது அடங்குவதைக் காதால் கேட்டதுபோல் இருந்தது அவருக்கு. வண்டி வளைவு திரும்பும் வரைக்கும் அவர் அசையவில்லை.

அந்த மாதம் முடிவதற்குள் பக்கத்து வீடு காலியானது. ராமையா பால் வெட்டிவிட்டுத் திரும்பி வந்தபோது கதவு திறந்து கிடந்தது. உள்ளே அடுப்புக் கல்லைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஈப்போவுக்குப் பக்கத்தில், குனோங் ராபாட்டில், ரோடு போடக் கல் உடைக்கிற வேலைக்குக் குடும்பத்தோடு போய்விட்டார்கள் என்று இருளாயி சொன்னாள்.

"எங்கிட்டச் சொல்லாமலா?"

"எனக்குச் சொல்லிட்டுத்தான் போனாங்க" என்றாள் அவள்.

ஒரு வருஷம் போனது. ராக்காயியின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை யார் என்று ராமையா இரண்டு தடவை கேட்டார். ராக்காயியின் புருஷன் எந்தக் கப்பலில் வந்தாரோ, அதே கப்பலில் வந்த ஒருவரின் மகன். அந்த இரண்டு பேரும்கூட ஒருவரை ஒருவர் அண்ணே, தம்பி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துக்கே தெரியும்.

நிச்சயத்தன்று கோயில் வாசலில் பாய் விரித்தார்கள். தோட்டத்துச் சீனிக் கங்காணி நடுவில் உட்கார்ந்தார். வெற்றிலைத் தட்டை ஒருவர் கையிலிருந்து வாங்கி இன்னொருவர் கையில் கொடுத்தார். "இந்தாப்பா, இன்னையிலேருந்து இவரு ஒனக்கு மச்சான். பழக்கதோசத்துல தம்பின்னு வாய் வந்துச்சுன்னா, ஒரு தடவைக்கு ஒரு கோழி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தேங்காய் உடைந்தது. அதோடு முடிந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. மாரியம்மனும் ஒன்றும் சொல்லவில்லை.

ராமையா கங்காணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "இப்பிடி மாத்தலாமா, கங்காணி?" என்று கேட்டார்.

"அட, மாத்தாம? இந்தச் சீமையில பாதிப் பேரு சொந்தம் இப்பிடித்தான் ஓடுது. முறை பாத்துக்கிட்டே இருந்தா யாரு யாரைக் கட்டுறது? பொண்ணு கெடைக்கிறதே சுசாவா, பெரும்பாடா இருக்கு." கங்காணி பாக்கை வாயில் போட்டுக்கொண்டு, சட்டென்று நினைவு வந்தவராக நிறுத்தினார். "ஒங்க விசயத்துலயும் கூப்பிடுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். சதாசிவம்கூட எங்கிட்ட ஒரு வார்த்த போட்டு வெச்சிருந்தாரு. நீ வரல. சரி, தம்பிகாரனுக்குப் பிடிக்கல போலன்னு விட்டுட்டேன்."

பந்தியில் சோறு போட்டுக்கொண்டு வந்த ராக்காயியை ராமையா நிறுத்தினார். "எம் மவளப் பத்திக் கொழாயடியில என்னென்னவோ பேசினியே, ராக்காயி?"

"பேசினேன்தான்" என்றாள் ராக்காயி, கொஞ்சமும் கூசாமல். "என் மவளப் பத்தியும்தான் நேத்து வரைக்கும் பேசினாங்க. பேசுவோம் அண்ணே, அப்புறம் கலியாணச் சோறு திங்க வருவோம். வாய்க்கு வேற என்ன வேல?" கரண்டியோடு நின்றவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அதுக்குப் பயந்தா பிள்ளையைக் கொண்டுபோய் அம்புட்டுத் தூரம் தள்ளுனீங்க?"

ராமையாவால் இலையில் கை வைக்க முடியவில்லை. தோட்டம், தோட்டம் என்று அவர் பயந்தது இந்தப் பாயில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருக்கிற நாலு பேருக்குத்தான். அவர்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு. சட்டம் என்று அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தவர் தோட்டத்திலேயே அவர் ஒருவர்தான்.

குனோங் ராபாட்டுக்குப் போக வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தார். போகக் கால் வரவில்லை. அடுத்த வாரம், அடுத்த மாசம் என்று தள்ளிப்போட்டார். கடைசியில் இருளாயிதான், "இப்பப் போகலன்னா இனிமே எப்பவும் போக மாட்டீங்க" என்று சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

ரயிலில் ஈப்போவுக்குப் போய், அங்கிருந்து நடந்தார். வழியெல்லாம் ஒரு சொல்லை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். 'மச்சான், என்னை மன்னிச்சிருங்க.' மச்சான் என்று சொல்லிவிட்டால் தான் இறங்கி வந்துவிட்டது சதாசிவத்துக்குப் புரிந்துவிடும் என்று நினைத்தார். வெள்ளை வெளேரென்று செங்குத்தாக நின்ற சுண்ணாம்பு மலைக்கு அடியில், கல் உடைக்கிறவர்களின் கொட்டகைகள் வரிசையாக இருந்தன. கேட்டுக் கேட்டு நடந்தார். கொட்டகை வரிசையில் பாதி தூரம் வந்த பிறகுதான் அவருக்கு அது உறைத்தது. பாப்பா இன்னொருத்தன் பெண்சாதி. இனிமேல் மச்சான் என்று கூப்பிட்டு என்ன ஆகப்போகிறது? அந்தச் சொல்லுக்கு இப்போது வேலையே இல்லை. அப்படியென்றால் அண்ணே என்று கூப்பிடலாமா? அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதானே அவரை ஆற்றங்கரையில் அடித்தோம்?

சதாசிவம் கொட்டகை வாசலில் உட்கார்ந்து காலில் ஒட்டியிருந்த சுண்ணாம்புத் தூளைத் தட்டிக்கொண்டிருந்தார். தலை, புருவம் எல்லாம் வெளுத்திருந்தது. தூளா நரையா என்று தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தார். சட்டென்று எழுந்து நின்றார்.

"வாங்க" என்றார்.

கப்பலில் தலையைத் தூக்கி மடியில் வைத்த நாளிலிருந்து 'வாடா' என்று மட்டுமே கூப்பிட்ட வாய் அது. அந்த 'வாங்க'வைக் கேட்டதும் ராமையா மனசில் கொண்டுவந்த இரண்டு சொல்லையும் விட்டுவிட்டார்.

"வந்தேன்..." என்றார். அதற்குப் பிறகு என்ன முறை வைப்பது என்று தெரியாமல் நிறுத்தினார்.

"உக்காருங்க. வெயில்ல வந்திருப்பீங்க."

செல்லாயி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். இருளாயி எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். கேட்டுவிட்டு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

"பாப்பா?" என்று கேட்டார் சதாசிவம்.

"இருக்கா. மாசமா இருக்கா."

"நல்லது. மாப்பிள்ள நல்லவருன்னு கேள்விப்பட்டேன்."

"நல்லவருதான்."

மலைப்பக்கம் கல் உடைக்கும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. ராமையா தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "நான் செஞ்சது தப்பு" என்றார். யாரைக் கூப்பிட்டும் சொல்லவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னார்.

சதாசிவம் காலில் மிச்சமிருந்த சுண்ணாம்புத் தூளைத் தட்டினார். பிறகு சொன்னார்: "நீங்க ஒண்ணும் இல்லாததச் சொல்லல. முறைன்னு பாத்தா நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் பிள்ள மேல இருக்கிற ஆசையில கேட்டுட்டேன்." கோபம் இருந்திருந்தால் ராமையா தாங்கியிருப்பார். அதில் கோபமே இல்லை. வழியில் பார்த்த ஆளுக்குச் சொல்கிற நியாயம்போல இருந்தது.

எழுந்து புறப்படும்போது சதாசிவம் சொன்னார்: "பயலுக்கு ஒரு எடம் முடிவாயிருக்கு. இங்கதான், பக்கத்துல. தை மாசம் கலியாணம். வீட்டுல கூட்டிக்கிட்டு வாங்க."

"முன்னாடியே வந்துரட்டா? பந்தக்கால் நட, வேல பாக்க..."

"வேண்டாம். இங்க ஆளுங்க இருக்காங்க. முகூர்த்தத்துக்கு வந்தாப் போதும்."

தை மாதம் ராமையாவும் இருளாயியும் போனார்கள். மலையடிவாரத்தில் ஒரு சின்னக் கோயில். தென்னங்கீற்றுப் பந்தல். கல் உடைக்கிறவர்கள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஓடியாடி வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராமையா நடுவரிசையில் ஓரமாக உட்கார்ந்தார்.

பத்துமலை மணையில் உட்கார்ந்ததும், சடங்கு நடத்தியவர் கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "மாப்பிள்ளையோட சித்தப்பா முறை யாரு? முன்னுக்கு வாங்க."

ராமையாவின் உடம்பு அவரைக் கேட்காமலே எழுந்தது. முழுக்க எழவில்லை. ஒரு கை தரையில் ஊன்றியபடி, முழங்காலில் நின்றார். சதாசிவம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மணைக்குப் பக்கத்தில் நின்ற ஓர் இளவட்டத்தைப் பார்த்துத் தலையசைத்தார். கல் உடைப்பில் அவரோடு வேலை செய்கிற ஆள். "இந்தா வாரேண்ணே" என்று சொல்லிக்கொண்டே அவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போனான்.

இருளாயி புருஷனின் வேட்டி நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். அவர் உட்கார்ந்தார்.

சாப்பாட்டுப் பந்தியில் பத்துமலை வரிசையாக எல்லோரையும் கேட்டுக்கொண்டு வந்தான். கழுத்தில் மாலை வாடியிருந்தது. ராமையாவின் இலைக்கு முன்னால் வந்ததும் ஒரு கணம் நின்றான். "சாப்பிட்டீங்களா? இன்னும் கொஞ்சம் பாயசம் போடச் சொல்லவா?" என்று கேட்டான். நல்ல பிள்ளை. குரலில் ஒரு குறையும் இல்லை. "போதும்" என்றார் ராமையா. போதும் என்பதோடு சேர்த்துச் சொல்ல அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. அவன் அடுத்த இலைக்குப் போனான்.

சாயங்காலம் ஈப்போ ஸ்டேஷனில் ரயிலுக்காக உட்கார்ந்திருந்தார்கள். அதே பெஞ்சில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், இருளாயியின் கையிலிருந்த தாம்பூலப் பையைப் பார்த்துவிட்டு, "கலியாணத்துக்குப் போயிட்டு வாரீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"சொந்தக்காரங்க வீட்டுக் கலியாணமா?"

அவர் சொல்லட்டும் என்று இருளாயி புருஷனைப் பார்த்தாள். ராமையா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சவங்க வீடு" என்றார்.

இருளாயி தாம்பூலப் பையை மடியில் வைத்துக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ரயில் வந்து நின்றதும் அவர் அவளைக் கைபிடித்து ஏற்றிவிட்டு, பின்னால் ஏறினார்.